கரண்டைக்கு மேலே எலும்பு நொறுங்கினால்

"ஒண்ணுமில்லீங்க ஐயா, சுளுக்குத்தான். எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்."

மழை நாளில் கல் கட்டின் மேலிருந்து வழுக்கி, நின்ற நிலையிலேயே கானுக்குள் விழுந்த ஒரு தொழிலாளி எம்மிடம் சொன்ன வார்த்தை இது. நாம் லயத்துக்குப் போனபோது ஒன்பது நாள் கழிந்துவிட்டது. கரண்டை வீங்கிப் பளபளவென்று இருந்தது, தோலில் நீர்க்கொப்புளங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கீழ்க்காலின் பெரிய எலும்பு அடியில் பல துண்டாகக் கிடந்தது.

இந்த முறிவுக்கு டொக்டர்மார் 'பிலோன்' முறிவு என்று பெயர் சொல்வார்கள். 1911இல் டெஸ்டோ என்ற பிரெஞ்சு டொக்டர் வைத்த பெயர். அந்த மொழியில் பிலோன் என்றால் இடிக்கிற உலக்கை. உயரத்திலிருந்து விழும்போதும், லொறி, பைக் விபத்திலும் பாதத்தின் எலும்பு மேல்நோக்கி இடித்து, கரண்டை மூட்டின் கூரையை நொறுக்கிவிடுகிறது. மரத்தில் கிளை வெட்டுபவர்கள் இதைக் கவனித்து வாசியுங்கள்.

காலின் நடுவில் எலும்பு ஒடிந்தால் கொஞ்சம் கோணலாகப் பொருந்தினாலும் ஓரளவு நடந்துவிடலாம். இது அப்படியல்ல. மூட்டின் வழுவழுப்பான பரப்பு மேடு பள்ளமாகப் பொருந்தினால், ஒவ்வொரு அடியிலும் தேய்ந்து மூட்டுவாதம் வரும். பிறகு எப்படி மலை ஏறுவது? இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த இடத்தில் எலும்புக்கு மேலே சதை குறைவு, வெறும் தோல்தான். வீங்கினால் தோல் சீக்கிரம் செத்துப்போகும்.

ஆகவே விழுந்தவரை நடக்க விடாதீர்கள். முழங்கால் முதல் பாதம் வரை பலகையோ தடியோ வைத்து, துணி சுற்றி, இறுக்காமல் கட்டுங்கள். நீவக் கூடாது. எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான துணியால் மூடுங்கள். எல்லாரும் பாசத்தில் உடனே ஒரு பிளேன்டீ கொடுப்பார்கள்; மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம், எனவே டொக்டர் பார்க்கும் வரை வேண்டாம். பாதம் குளிர்ந்து வெளிறினாலோ, விரலை அசைத்தால் தாங்க முடியாமல் வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். நாட்டு வைத்தியரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மூட்டுக்குள் போன முறிவைக் கைதடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எலும்பு விலகாமல் கீறல் மட்டும் இருந்தால் பிளாஸ்டர் போதும். ஒப்பரேசனைத் தாங்க முடியாத நோயாளிக்கும் சில வேளை அதுதான். விலகி நொறுங்கியிருந்தால் அநேகமாக இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் எலும்புக்குள் ஊசிக் கம்பிகளை இறக்கி, வெளியே ஒரு தண்டில் பூட்டி, காலை நீட்டி நிறுத்துவார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்துத் துண்டுகள் எங்கே கிடக்கின்றன என்று பார்ப்பார்கள். பிறகு பத்து நாள், இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் பொறுமை இழக்கிறார்கள். "வாட்டுல சும்மா போட்டு வச்சிருக்காங்க, ஒண்ணும் செய்யல" என்று கையொப்பம் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். அது சும்மா போட்டு வைத்தல் அல்ல. முன்பு வீக்கத்தோடே வெட்டித் தகடு வைத்தபோது பலருக்குத் தையல் பிரிந்து, சீழ் பிடித்து, சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வந்தது. அதனால் 1990களின் கடைசியிலிருந்து இந்தக் காத்திருப்பு முறை பரவியது. தோலில் சுருக்கம் விழுந்தால் வீக்கம் வற்றிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகே மூட்டைத் திறந்து, துண்டுகளைப் பொருத்தி, தகடும் ஸ்குரூவும் வைப்பார்கள்.

எலும்பு வெளியே வந்த முறிவுக்குக் காத்திருப்பு இல்லை. உடனே கழுவி, ஏற்பு ஊசியும் கிருமிக்கொல்லி மருந்தும் கொடுக்க வேண்டும். தோல் மிகவும் கெட்டிருந்தால் வளையக் கம்பிச் சட்டம் போடுவதும் உண்டு. ரஷ்யாவின் இலிசாரோவ் என்ற டொக்டர் 1950களில் கண்டுபிடித்த முறை அது. சட்டத்தோடு மாதக் கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும், கம்பி இறங்கும் இடங்களை மிஸ் சொல்லித் தந்தபடி சுத்தம் செய்ய வேண்டும்.

ஒப்பரேசனுக்குப் பிறகு சுமார் மூன்று மாதம் அந்தக் காலை ஊன்றவே கூடாது. லயத்துப் படியும் வெளிக் கக்கூசும் உள்ள இடத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் ஊன்றுகோல் வேண்டும். பீடி, சுருட்டு, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதிக்கும், புண்ணையும் ஆறவிடாது. சீனி வருத்தம் உள்ளவர்கள் மருந்தை விடக் கூடாது. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு விறைப்பும் வலியும் மிஞ்சும். மிக மோசமானால் பின்னொரு நாள் மூட்டையே அசையாமல் இணைத்துவிடுவார்கள். வலி குறையும், நடக்கலாம், மூட்டு மடங்காது.

வேலை நேரத்தில், வேலை காரணமாக விழுந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி ஒபிஸில் பதியச் செய்யுங்கள். விழுந்ததைப் பார்த்தவர்கள் யார் என்பதையும் எழுதி வையுங்கள். கிளினிக் அட்டை, எக்ஸ்ரே படம் எதையும் தொலைக்காதீர்கள்.

மேலே சொன்ன தொழிலாளிக்குக் கொப்புளங்கள் ஆற மேலும் மூன்று வாரம் சென்றது. இப்போது நடக்கிறார். ஆனால் இறக்கத்தில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறார். மலை வேலைக்குப் போக முடியாததால் ஸ்டோரில் இலேசான வேலை கொடுத்திருக்கிறார்கள்.