விபத்து நஷ்டஈடு: டாக்டர் அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்?

கதிரடிக்கும் இயந்திரம், டிராக்டர், பவர் டில்லர், கடலை உடைக்கும் இயந்திரம், மாட்டுக்குத் தட்டு வெட்டும் இயந்திரம் ஆகியவை இல்லாத ஊர் இன்று குறைவு. இவற்றால் வேலை சீக்கிரம் முடிகிறது. அதே சமயம் ஒரு நொடிக் கவனக் குறைவில் விரலோ கையோ போய்விடுவதும் உண்டு. அப்படி அடிபட்டவர் நஷ்டஈடு கேட்கும்போது, அவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது பெரும்பாலும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்க அறிக்கையைப் பொறுத்தே அமைகிறது. வக்கீல் எவ்வளவு திறமையாக வாதாடினாலும், அறிக்கை இரண்டு வரியில் முடிந்திருந்தால் பயன் குறைவே.

சிறு விவசாயி இதில் இரண்டு பக்கமும் நிற்பவர். பிறர் நிலத்தில் கூலிக்குப் போகும்போது அவர் தொழிலாளி. தன் களத்துக்கு நாலு ஆள் கூப்பிடும்போது அவரே முதலாளி. ஆகவே அறிக்கை சரியாக இருப்பது இரு தரப்புக்கும் நன்மை.

எந்த வேலைக்குப் பொருந்தும்?

வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு தர வகை செய்தது 1923-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துள்ளது. கணக்கிடும் முறையின் அடிப்படை மாறவில்லை. டிராக்டர் அல்லது மின்சாரத்தில் இயங்கும் கருவிகளைக் கொண்டு செய்யும் விவசாயம், இயந்திர அறுவடை, கதிரடிப்பு, பூச்சி மருந்து தெளித்தல், ஆழ்குழாய்க் கிணற்று வேலை, பனை ஏறிச் சீவுதல், மரம் வெட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். நடவு, களையெடுப்பு போன்ற கைவேலை என்றால், முந்தைய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளில் 25 பேருக்கு மேல் வேலை செய்த இடமாக இருக்க வேண்டும். சிறிய நிலங்களில் வெறும் கைவேலையில் அடிபட்டவர் இந்தச் சட்டத்தில் வரமாட்டார் என்பது வருத்தத்துக்குரிய விஷயமே.

ஒரு சதவீதம் என்றால் எவ்வளவு?

நாற்பது வயதுள்ள ஒருவர் மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாமல் போனால், மாதக் கூலியில் 60 சதவீதத்தை, அதாவது 7,200 ரூபாயை, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. ஆக 13,26,024 ரூபாய் வருகிறது. பகுதி ஊனமானால் இதில் அதற்குரிய சதவீதம் மட்டும் கிடைக்கும். இவருக்கு ஒவ்வொரு சதவீதமும் சுமார் 13,260 ரூபாய். டாக்டர் 20 என்று எழுதுவதற்கும் 30 என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல்!

சில காயங்களுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே சதவீதம் குறிக்கப்பட்டுள்ளது. கட்டைவிரல் முழுதும் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு மட்டும் போனால் 9, எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் துண்டானால் 5. நடுவிரல் முழுதுக்கும் 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7. மணிக்கட்டோடு கை போனால் 60. ஆகவே “விரலில் துண்டிப்புக் காயம்” என்று மட்டும் எழுதிய சான்று போதாது. எந்தக் கை, எந்த விரல், எத்தனை கணு, எலும்பு போயிற்றா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். எலும்பு போயிற்றா என்பதை எக்ஸ்-ரே படம் காட்டிவிடும். படத்தில் தேதியும், வலமா இடமா என்ற குறியும் இருப்பது அவசியம்.

அட்டவணையில் இல்லாத காயங்கள்

உண்மையான சிக்கல் இங்கேதான். கை போகவில்லை, ஆனால் முழங்கை மடங்கவில்லை. விரல் இருக்கிறது, ஆனால் பிடிமானம் இல்லை. கால் எலும்பு கூடிவிட்டது, ஆனால் வரப்பில் நடக்க முடியவில்லை. இவற்றுக்கு அட்டவணையில் எண் கிடையாது. சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். உடலின் ஊனமும் சம்பாதிக்கும் சக்தியின் குறைவும் வேறு வேறு. கணக்கு எழுதுபவருக்கும் கதிர் அறுப்பவருக்கும் ஒரே மாதிரி முழங்கை விறைத்துப் போகலாம். பிழைப்பு போகும் அளவு ஒன்றல்ல.

உச்ச நீதிமன்றம் 1975-இல் ஒரு தச்சர் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. சினிமாக் கொட்டகை வேலையில் கீழே விழுந்த அவருடைய இடது கை முழங்கைக்கு மேல் எடுக்கப்பட்டது. இது பகுதி ஊனமே என்றது முதலாளி தரப்பு. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவர் வேலைக்கு இது முழு ஊனமே என்று தீர்ப்பாயிற்று.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகத் தரப்படும் சதவீதச் சான்றையே நஷ்டஈட்டு மனுவோடு வைப்பவர்கள் உண்டு. அந்தச் சான்று உடலை மட்டும் அளப்பது, தொழிலை அளப்பதில்லை. அதை வைக்கக் கூடாது என்பதில்லை. அது மட்டும் போதாது. “வலது கையில் 40 சதவீதம் ஊனம்” என்று எழுதுவதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அது கையில் 40-ஆ, முழு உடலுக்கு 40-ஆ என்று எதிர்த்தரப்பு கேட்கும். டாக்டர் அதைச் சொற்களிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

நல்ல அறிக்கையில் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பது டிகிரிக் கணக்கில் இருக்கும், நல்ல பக்கத்து மூட்டோடு ஒப்பிட்டும் இருக்கும். கைப்பிடியின் பலம் இரண்டு கைக்கும் அளந்து எழுதப்பட்டிருக்கும். அடிபட்டது பழக்கமுள்ள கையா என்பதும் இருக்கும். முக்கியமாக, அவர் என்ன வேலை செய்து வந்தார், அந்த வேலையில் எதை இனிச் செய்ய முடியாது என்ற இரண்டு வரிகள் வேண்டும். “மண்வெட்டியை இரு கையாலும் பிடிக்க முடியவில்லை, மூட்டை தூக்க முடியவில்லை, கட்டுப் பிடித்து இயந்திரத்தில் கொடுக்க முடியவில்லை. ஆகவே சம்பாதிக்கும் சக்தியில் இத்தனை சதவீதம் குறைவு” என்று காரணத்தோடு வரும் எண்ணை அசைப்பது கடினம். வெறும் எண்ணை அசைப்பது சுலபம்.

இதில் டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது, “விவசாயம்” என்று ஒரே வார்த்தையில் தொழிலைச் சொன்னால் அவரும் அதையேதான் எழுதுவார். வேலை விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. முன்பே உடைந்த எலும்பு, பழைய நோய் ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழையது எது, விபத்தால் வந்தது எது என்று டாக்டரே பிரித்து எழுதிவிட்டால், பின்னால் எதிர்த்தரப்பு அதைக் கிளப்பி முழு மனுவையும் சந்தேகத்துக்குள்ளாக்க இயலாது.

முதல் நாள் சொன்ன வார்த்தை

ஆஸ்பத்திரியில் முதலில் எழுதப்படுவது விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்று பேச்சில் சொல்வது இதன் நகலைத்தான். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்பதைக் கூட வந்தவர் சொல்ல, அப்படியே பதிவாகிறது. “போலீஸ் கேஸ் வேண்டாம், வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடலாம்” என்று களத்துக்காரர் சொல்வதைக் கேட்டு அப்படியே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைச் செலவை அவர் கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆறு மாதம் கழித்து உறவு கசந்தால், பதிவேட்டில் உள்ள அந்த ஒரு வரி மனுவைச் சாய்த்துவிடும். களத்துக்காரருக்கும் இது லாபமல்ல. அவர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், இந்தப் பொய்யையே காரணம் காட்டிக் கம்பெனி கைவிரித்துவிடலாம். சிகிச்சைக்கு ஆன உண்மைச் செலவை முதலாளி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதற்காகப் பொய் சொல்லத் தேவையில்லை.

பூச்சி மருந்து விஷயத்தில் முதல் நாள் இன்னும் முக்கியம். தெளித்தவர் மயங்கி விழுந்தால், மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ உடன் கொண்டுபோக வேண்டும். கண்மணி சுருங்கியிருந்தது, எச்சில் வழிந்தது, வியர்த்துக் கொட்டியது போன்ற குறிகளைக் குறித்துக்கொள்ளும்படியும், கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்யும்படியும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் குறிகள் நாளாக ஆக மறைந்துவிடும். பிறகு எழுதும் அறிக்கைக்கு ஆதாரம் இருக்காது.

எப்போது வாங்குவது?

கட்டுப் பிரித்த மறுநாளே இறுதிச் சதவீதம் கேட்பது தவறு. அந்த நிலையில் எழுதிய எண் உயர்ந்தும் இருக்கலாம், தாழ்ந்தும் இருக்கலாம். உதாரணமாக, அறுபட்ட நரம்பு தைத்த பிறகு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. மணிக்கட்டில் அறுபட்டால் விரல் நுனிக்கு உணர்ச்சி வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம். வராமலும் போகலாம். இனி மாற்றமில்லை என்ற நிலை வந்ததும், அதையும் தேதியோடு குறிப்பிட்டு இறுதி அறிக்கை தர வேண்டும். இடைப்பட்ட காலத்துக்குத் தற்காலிக ஊனத்துக்கான தொகை உண்டு: அரை மாதத்துக்கு ஒரு முறை, மாதக் கூலியில் 25 சதவீதம். இதற்கு வேலை செய்ய முடியாத நாட்களை டாக்டர் தேதி வாரியாக எழுதியிருக்க வேண்டும். “ஓய்வு தேவை” என்று மட்டும் எழுதினால் எத்தனை நாள் என்று கேள்வி வரும்.

அறிக்கையைச் சிகிச்சை செய்த டாக்டரிடமே வாங்குவது உத்தமம். வழக்கு நடக்கும்போது எங்கிருந்தோ வாங்கி வரும் தயார்ச் சான்றுகளை அப்படியே ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு மோட்டார் விபத்து வழக்கில் எச்சரித்திருக்கிறது. சிகிச்சை செய்தவர் கிடைக்காவிட்டால், எழுதுபவர் தாம் எந்தெந்த ஏடுகளையும் படங்களையும் பார்த்தார், எந்தத் தேதியில் நேரில் பரிசோதித்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். முதலாளி தன் செலவில் டாக்டரை வைத்துப் பரிசோதிக்க அழைத்தால் தொழிலாளி மறுக்கக் கூடாது. மறுத்தால் நஷ்டஈடே தடைப்படும். போய், தன்னிடமுள்ள நகல்களையும் அங்கே காட்டி வரலாம்.

விபத்தை முதலாளிக்குக் கூடிய சீக்கிரம் எழுத்தில் தெரிவித்து, விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தரப்படாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி சேரும். காரணமில்லாத தாமதமானால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். ஏ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்-ரே, மருந்து பில்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைக்க வேண்டும். மனுவோடு நகல்களைக் கொடுத்துவிட்டு, மூலத்தைக் கேட்கும்போது மட்டும் காட்டினால் போதும்.