வெள்ளோட்டம்

புதுத் தேர் செய்து முடித்ததும் அதில் உடனே சாமியை ஏற்றிவிடுவதில்லை. முதலில் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பர். அச்சு முனகுகிறதா, சக்கரம் சாய்கிறதா என்று தச்சரும் ஊராரும் கூர்ந்து நோக்குவர். இதனை வெள்ளோட்டம் என்கிறோம். கணிப்பொறியின் இயக்குதளத்திற்கும் வெள்ளோட்டம் உண்டு. அதில் வடம் பிடிக்க மாணவராகிய நமக்கும் இடம் உண்டு.

டெபியன் 1993இல் தொடங்கப்பெற்ற திறமூல இயக்குதளம். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இந்தியாவில் சி-டாக் உருவாக்கிய பாஸ் இயக்குதளமும் டெபியன்மேல் எழுந்ததே. டெபியனில் புதிய மென்பொருள் முதலில் 'நிலையற்ற' பதிப்பில் நுழையும். சில நாள்களில் பெரும்பிழை காணப்படாவிடின் 'சோதனை'ப் பதிப்புக்கு ஏறும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை புதிய மாற்றங்களை நிறுத்தி, எஞ்சிய பிழைகளைக் களைந்து, அதனையே 'நிலையான' பதிப்பாக வெளியிடுவர். 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டு 9ஆம் நாள் அவ்வாறே வெளிவந்தது.

இவ்வெள்ளோட்டத்தால் என்ன பயன் என்று கேட்போர்க்கு 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். ஆண்ட்ரஸ் பிராய்ண்டு என்னும் மென்பொருளாளர் நிலையற்ற பதிப்பில் தம் தரவுத்தளப் பணியைச் சோதித்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரைநொடி கூடுதலாயிற்று. அரைநொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை, காரணத்தைத் தேடினார். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று மறைந்திருக்கக் கண்டார். மார்ச்சு 29ஆம் நாள் உலகறியச் சொன்னார். டெபியனின் நிலையான பதிப்பை எட்டுமுன்னரே அந்நஞ்சு தடுக்கப்பட்டது.

நமக்கு அத்தகைய புலமை இல்லையே எனத் தயங்க வேண்டா. 'கெ' என்னும் எழுத்தைப் பாருங்கள். தாளில் கொம்பு முன்னே நிற்கிறது. கணிப்பொறியின் நினைவிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக அமைகின்றன. திரையில் இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் கடமை. புதிய பதிப்பில் அது தவறினால், தமிழறியா வல்லுநர் கண்ணுக்குக் கோணலும் நேர்த்தியும் ஒன்றே. அப்பிழையைக் காணத்தக்கவர் தமிழ் படிப்பவரே. நாம் பாராதிருந்தால் அது நிலையான பதிப்பில் ஏறி, சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளையின் திரைவரை வந்து சேரும்.

முறை எளிது. ஆனால், ஆய்வேடு இருக்கும் கணிப்பொறியில் இதனைச் செய்யற்க. பழைய கணிப்பொறியிலோ மெய்நிகர்ப் பொறியிலோ சோதனைப் பதிப்பை நிறுவுங்கள். தமிழில் தட்டுங்கள், அச்சிடுங்கள், கோப்புக்குத் தமிழ்ப் பெயர் இடுங்கள். பிழை கண்டால், முன்னரே எவரேனும் அறிவித்துள்ளனரா என்று பாருங்கள்; இல்லையெனில் 'ரிப்போர்ட்பக்' என்னும் கருவி வழியே எழுதுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நிகழ்ந்தது, மென்பொருளின் பதிப்பெண் யாது என்னும் நான்கும் வேண்டும். அப்பிழையை மீண்டும் வரவழைக்கும் வழியையும் சொல்லிவிட்டால் திருத்துவோர்க்குப் பாதி வேலை குறையும்.

விலை கொடாமல் பெற்ற பொருளுக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு இது. நம் மன்றத்து நண்பர் நால்வர் வாரம் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். அடுத்த நிலையான பதிப்பில் தமிழ் செம்மையாக நிற்க வழி பிறக்கும்.