ஐந்தாம் சக்கரம் ஆடினால்…

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே 80-ஆம் எண் நெடுஞ்சாலை எல்க் மலையை ஒட்டிப் போகிறது. காற்றுக்குப் பேர்போன இடம். காற்று மிஞ்சும் நாட்களில், உயரமான, எடை குறைந்த வண்டிகளை அங்கே விடமாட்டார்கள். விடுமுறைக்கு வீட்டையே இழுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்களும் இந்த வழியில் போவதுண்டு. பிக்கப் டிரக்கின் பின்னால், படுக்கையறையும் சமையலறையும் கொண்ட கேம்பர் வண்டி. சரக்கு லாரி முந்தும்போது அது ஒருமுறை குலுங்கி அடங்கினால் கவலையில்லை. லாரி போன பிறகும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே வந்தால், பழியைக் காற்றின்மேல் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது.

இந்த வகை கேம்பருக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். குதிரைவண்டியின் முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேல் கிடைவாட்டில் ஒரு வளையம் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்களுக்கு மேற்பட்ட அந்த ஐந்தாவதின் பெயர்தான் இன்று டிரக்கின் சரக்குத்தளத்தில் அமரும் இணைப்புக்கு வந்திருக்கிறது. கேம்பரின் முன்புறமுள்ள கிங்பின் அதில் பூட்டிக்கொள்ளும்.

அந்த இணைப்பு எங்கே அமர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண டிரெய்லர், டிரக்கின் பின்னச்சுக்கு வெகு பின்னால், பம்பர் பக்கம் மாட்டப்படுகிறது. அது பக்கவாட்டில் தள்ளினால் இடைப்பட்ட தூரம் நெம்புகோலாகி டிரக்கையே திருப்பிவிடும். ஐந்தாம் சக்கரமோ பின்னச்சுக்கு நேர்மேலே, அல்லது ஒரு பிடி முன்னால் அமர்கிறது. அதனால் தள்ளும் விசை நேராகப் பின் டயர்களில் இறங்கிவிடும். எளிதில் ஆடாத அமைப்பு இது. அதுவே ஆடினால், எங்கோ ஒரு பழுது இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

ஆட்டம் வளர்வது எப்படி? கேம்பர் சற்று விலகியதும் டயர்கள் அதை நடுவுக்குத் தள்ளுகின்றன. வந்த வேகத்தில் அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகிறது. டயர்கள் ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் ஆற்றலைக் கரைத்துவிட்டால் ஆட்டம் அடங்கும். வேகம் கூடக்கூட இந்தத் தணிப்பு குறைகிறது. ஒரு வரம்பைக் கடந்தபின், வண்டியின் ஓட்டமே ஊஞ்சலை உந்தும் கைபோல ஒவ்வொரு வீச்சையும் பெரிதாக்குகிறது. பின்பக்கம் ஏறிய எடையும் காற்றிறங்கிய டயரும் அந்த வரம்பைக் கீழே இழுக்கின்றன.

மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வது இங்கும் அப்படியே பொருந்தும். கேம்பரின் மொத்த எடையில் 15 முதல் 25 விழுக்காடு கிங்பின்மேல் இறங்க வேண்டும். 5,000 கிலோ கேம்பரில் 1,000 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20 விழுக்காடு. கிங்பின் கேம்பரின் அச்சுக்கு 6 மீட்டர் முன்னால். 230 லிட்டர் கழிவுநீர்த் தொட்டி 3 மீட்டர் பின்னால். தொட்டி நிறைந்தால் கிங்பின்மேல் 115 கிலோ குறையும். அச்சுக்கு நாலரை மீட்டர் பின்னால் 100 கிலோவுக்கு மிதிவண்டிகளை மாட்டினால் இன்னும் 75 கிலோ போகும். மிச்சம் 810 கிலோ. மொத்த எடை 5,330. பங்கு 15 விழுக்காட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

அதனால் முதல் வேலை எடைபோடுவது. லாரிகள் தங்கும் இடங்களில் எடைமேடை உண்டு. கேம்பரை மாட்டியபடி டிரக்கின் அச்சுகள் காட்டும் எடையிலிருந்து, கழற்றியபின் டிரக் மட்டும் காட்டும் எடையைக் கழித்தால் கிங்பின் பாரம் கிடைக்கும். குறைந்திருந்தால் தொட்டியைக் காலிசெய்து, சாமான்களை முன்னே நகர்த்த வேண்டும்.

அடுத்து டயர். காலையில், ஓட்டும் முன், சூடேறாத டயரில் காற்றழுத்தம் பார்க்க வேண்டும். டிரக்கின் பின் டயர்களையும் விடக் கூடாது. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சைச் சந்தேகிக்கலாம்: கிங்பினிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நாடா பிடித்தால் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங் தளர்வு கைக்குத் தெரியும். வில்பட்டைகளின் புஷ் தேய்ந்திருக்கிறதா, கேம்பர் தரைக்கு மட்டமாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்பக்கம் தூக்கி நின்றால் பாரம் பின்னால் சாயும். சரக்குத்தளம் குட்டையான டிரக்குகளில், நெருக்கமான இடத்தில் திருப்புவதற்காக இணைப்பைப் பின்னுக்கு நகர்த்தும் வசதி உண்டு. அதை முன்னே தள்ளிப் பூட்டாமல் சாலையேறினால், இல்லாத நெம்புகோலை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

ஓடும்போதே ஆட்டம் வந்தால்? ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவோ டிரக்கின் பிரேக்கை மிதிக்கவோ கூடாது. டிரக் மட்டும் சட்டென்று தயங்கினால் கேம்பர் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டாஷ்போர்டில் உள்ள கேம்பர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்த வேண்டும். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த கயிறுபோல இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும். அடங்கியதும் சாலையோரம் நிறுத்துங்கள். அடுத்துக் கண்ணில் படும் எடைமேடைவரை மெதுவாகப் போங்கள். அங்கே கிடைக்கும் சீட்டைப் படித்துவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.