மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின்…

அறுவைச் சிகிச்சை வெற்றியுடன் முடிந்தமையால் மட்டும் நோயாளி குணமடைந்துவிட்டார் எனக் கொள்வதற்கில்லை. புண்ணில் சீழ் பிடிக்காமல் காத்தல், மருந்தின் அளவை மாற்றுதல், பக்கவாதத்தால் செயலிழந்த கைகால்களுக்குப் பயிற்சியளித்தல் ஆகியவை பெரும்பாலும் வீடு திரும்பிய பின்னரே நடைபெற வேண்டியவை. இவற்றுக்குப் பொறுப்பாளர் யார் என்பது நம் சுகாதார அமைப்பில் இன்னும் தெளிவாகவில்லை.

பணமின்மை இதற்குக் காரணமன்று. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான பரிசோதனை, மருந்துச் செலவும் இதில் அடங்கும். ஆயினும், இத்தொகை மொத்தக் கட்டணத்தின் பகுதியாக மருத்துவமனைக்கே சேர்கிறது. தொலைவிலுள்ள கிராமத்துக் கூலித் தொழிலாளி, ஒரு நாள் ஊதியத்தை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் நகருக்கு வந்தாலன்றி அதன் பயனைப் பெறுதல் அரிது. அவர் வராவிடில் மருத்துவமனைக்கு நட்டமில்லை. சிறிது மிச்சம் என்றே சொல்லலாம்.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் நிலைமை வேறு. 2011 முதல் நடைபெறும் ஏற்பாட்டின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டிற்கே சென்று காண்கிறார். எடையும் உடல் வெப்பமும் அளக்கிறார். அபாய அறிகுறி தென்படின் மருத்துவமனைக்கு அனுப்புகிறார். இவ்வருகைகள் நிறைவேறிய பின்னரே அவருக்கு 250 ரூபாய் ஊக்கத்தொகை கிடைக்கிறது. தொகை சிறிதே, ஆனால் செல்லும் நாள், செல்பவர், ஊதியம் பெறும் நிபந்தனை ஆகிய மூன்றும் ஐயத்திற்கிடமின்றி வரையறுக்கப்பட்டுள்ளன. குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பியவருக்கு இவற்றில் ஒன்றேனும் இல்லை.

இப்பணியையும் ஆஷாவின் தலையிலேயே சுமத்துவது முறையன்று. புண்ணுக்குக் கட்டு மாற்றுதல் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை. துணை நிலையங்களில் இன்று சமுதாய சுகாதார அலுவலர்கள் பணியாற்றுகின்றனர். தங்கள் எல்லைக்குள் யார் சிகிச்சை முடிந்து திரும்பியுள்ளார் என்பதை அவர்கள் உறுதியாக அறிய வழி செய்தல் வேண்டும். இயன்முறைச் சிகிச்சையை வீட்டிற்கே கொண்டுசெல்லுதல் இயலும் என்பதை, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ காட்டியுள்ளது.

ஆகவே, டிஸ்சார்ஜ் சீட்டின் நகலொன்று, நோயாளியின் இசைவுடன், அன்றே அவரது ஊர்த் துணை நிலையத்திற்குச் செல்ல வேண்டும். மொத்தக் கட்டணத்தில் 15 நாட்களுக்குரிய பகுதியைப் பிரித்து, வருகைகள் பதிவான பின் அந்நிலையத்திற்கு வழங்கலாம். மருத்துவமனைகள் இதனை விரும்பமாட்டா. சுகாதாரம் மாநிலப் பொருளாதலால், ஏதேனும் ஒரு மாநிலம் ஒரே மாவட்டத்தில், ஒரே வகைச் சிகிச்சைக்கு இதனைச் செய்து பார்ப்பதற்குத் தடையேதுமில்லை.