பயிர்க்கடன் கணக்கைச் சரிபார்ப்பீர்!

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. பேரேடு கணினிக்கு மாறினாலும், கணக்கைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பே. சங்கத்தில் கணக்கு விவர நகல் பெற்று, கீழ்க்கண்ட மூன்றையும் கவனியுங்கள்.

1. பிடித்தம்: பங்குத்தொகை, காப்பீட்டுக் கட்டணம் ஆகியவை தனித்தனியே காட்டப்பட வேண்டும். சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு, காப்பீடு செய்த தொகையில் 1.5 சதவீதம், அதாவது ரூ.30,000-க்கு ரூ.450.

2. வைப்பு: சேமிப்புக் கணக்கில் கட்டிய பணம், கடன் கணக்குக்கு மாற்றப்படும் வரை கடனைக் குறைக்காது.

3. வரவு தேதி: தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டியில்லை. தவணை தப்பினால் இச்சலுகை கிடையாது. எனவே, ரசீதிலுள்ள தேதியிலேயே கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

வேறுபாடு இருப்பின், ரசீது நகலுடன் சங்கச் செயலாளரிடம் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.