ஊரூர்க் குப்பம்: கட்டுமரமும் கரையும்

அடையாறு கடலோடு சங்கமிக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே அமைந்த இந்த மீனவர் குடியிருப்பு, பெசன்ட் நகர் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே கடலை நம்பி ஜீவித்த கிராமமாகும். இதை அடுத்துள்ள ஆல்காட் குப்பம், 1882-இல் அடையாற்றில் நிலைகொண்ட பிரம்மஞான சபையின் ஸ்தாபகர்களுள் ஒருவரின் பெயரைத் தாங்கியது.

எதிரே காணும் கட்டுமரம், லேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றினால் பிணைத்தது. அலையில் கவிழ்ந்தாலும் மூழ்காமலும், கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து உலர்த்தத் தக்கதாயும் இருந்தபடியால், துறைமுகம் அமையாத காலத்துச் சென்னையில், தூரத்தே நங்கூரமிட்ட கப்பல்களுக்குத் தபால் கொண்டுபோகும் சாதனமாகவும் இவ்வகை மரங்களே விளங்கின. மரமோட்டிகள் கடிதங்களைத் தலைக்குல்லாயில் பத்திரப்படுத்திச் சென்றார்கள் என்பது சுவையான செய்தி.

மரமும் வலையும் அவரவர் சொத்து. வலை உலர்த்தும் மணற்பரப்போ, பத்திரம் ஏதுமின்றி ஊராரின் பொது அனுபவத்தில் இருந்து வருவது. பட்டாவைக் கொண்டே நிலத்தை அறியும் நகரவாசிக்கு இது எளிதில் விளங்குவதில்லை. மீன் விற்ற பணத்தில் தொழிலாளிக்குப் போலவே மரத்துக்கும் வலைக்கும் பங்கு உண்டு. வழக்குகளை ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கும்.

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகவே, கட்டுமரம் அருகிவிட்டது.