எந்த ரூட்டரை வாங்குவது?

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து டில்லிக்குத் திரும்பியதும், விஜய் நகரில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். சமையலில் சண்டை வரும், வாடகையில் சண்டை வரும் என்று ஊரில் பெரியவர்கள் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அவற்றால் ஒன்றும் வரவில்லை. வந்தது வைஃபையினால்.

எங்களுள் இளையவனான கோவைத் தம்பி இரவு ஒன்பது மணிக்குமேல் தன் கணினியில் விளையாட உட்காருவான். அதே நேரத்தில்தான் மதுரை நண்பர் தொலைக்காட்சியில் படம் பார்ப்பார். விளையாட்டு நடுவில் உறைந்து நிற்கும். தம்பியின் வீரன் மடிந்து விழுவான். "அண்ணே, படத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்பான் தம்பி. "நானும்தானேப்பா பணம் கட்டுறேன்" என்பார் அவர். பிறகு இருவரும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். இயற்பியல் மாணவன் என்ற ஒரே தகுதியால் வழக்கு என்னிடம் வந்தது. "புதிய தலைமுறை ரூட்டர் ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தீர்ப்புச் சொன்னேன். ஆளுக்கு 2,500 ரூபாய் போட்டோம். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டி வீட்டுக்கு வந்தது. உறைவு மட்டும் போகவில்லை.

அந்தப் பணத்தைக் கொடுத்து நான் கற்ற பாடத்தை நம் சங்கத்து நண்பர்கள் பணம் கொடாமலே கற்கட்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைமுறை என்பது என்ன?

வைஃபைக்கு முதல் தரவிதி வந்தது 1997இல். அதன் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட்டே. பின்னர் வந்த தரவிதிகளின் பெயர்கள் எண்ணும் எழுத்துமாகக் குழப்பவே, 2018இல் வைஃபை கூட்டமைப்பு அவற்றுக்கு எளிய எண்களைச் சூட்டிற்று. 2009இன் தரவிதி வைஃபை 4 என்றும், 2013இன் தரவிதி வைஃபை 5 என்றும் பெயர் பெற்றன. வைஃபை 6க்குச் சான்றளிப்பது 2019இல் தொடங்கியது. வைஃபை 7க்கு 2024 ஜனவரியில் தொடங்கியது.

ஆறாம் தலைமுறையின் சிறப்பை ஓர் உவமையால் விளக்கலாம். முன்பெல்லாம் ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பவும் ஒரு முழு லாரியை எடுக்க வேண்டும். அந்த லாரி திரும்பும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆறாம் தலைமுறையில் பலருடைய பொட்டலங்களை ஒரே லாரியில் ஏற்றலாம். ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து கருவிகள் இருக்கும்போது இதன் அருமை தெரியும்.

ஏழாம் தலைமுறை மூன்று புதுமைகளைக் கொணர்ந்தது. முதலாவது, பாதையின் அகலம் 160 மெகாஹெர்ட்ஸிலிருந்து 320 ஆக உயர்ந்தது. இரண்டாவது, ஒவ்வோர் அலைக்குறியிலும் 10 பிட்டுக்குப் பதில் 12 பிட் ஏற்றலாம். இதனால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் இந்த நயம் ரூட்டருக்கு அருகில், அலை தெளிவாக இருக்கும்போதுதான் கிட்டும். மூன்றாவது, ஒரு கருவி இரண்டு அலைப்பட்டைகளோடு ஒருங்கே தொடர்பு கொள்ளலாம்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. ரூட்டர் மட்டும் புதியதாக இருந்தால் போதாது; கையிலுள்ள போனும் கணினியும் அதே தலைமுறையாக இருக்க வேண்டும். எங்கள் நால்வரிடமும் இருந்தவை ஐந்தாம், ஆறாம் தலைமுறைக் கருவிகளே. ஏழாம் தலைமுறை ரூட்டர் எங்களோடு பழைய மொழியிலேதான் பேசிற்று!

பெட்டியின்மேல் உள்ள எண்

கடையில் 'ஏ.எக்ஸ். 3000', 'பி.இ. 9300' என்று பெரிய எண்களைக் காண்கிறோம். ஏ.எக்ஸ். என்றால் ஆறாம் தலைமுறை, பி.இ. என்றால் ஏழாம் தலைமுறை. எண்ணோ வேகத்தைக் குறிப்பது. யாருடைய வேகம்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

பி.இ. 9300 என்பதைப் பிரித்துப் பார்ப்போம். 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 5,765 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 2,882, 2.4 கிகாஹெர்ட்ஸில் 688. இம்மூன்றையும் கூட்டினால் 9,335 வரும். அதையே 9300 என்று அச்சிடுகிறார்கள். மூன்று சாலைகளின் வேக வரம்புகளைக் கூட்டி, 'இவ்வூரில் மணிக்கு இருநூறு மைல் போகலாம்' என்று சொல்வதைப் போன்றது இது. அதிலும், அலைவழியாக உண்மையில் நமக்குக் கிடைப்பது அச்சிட்ட வேகத்தில் பாதியோ, சற்று மிகுதியோதான். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வரும் இணைப்பு 100 மெகாபிட் என்றால், எந்த ரூட்டரும் அதை 101 ஆக்காது.

எங்கள் பெட்டி பி.இ. 3600. அதாவது 2,882உம் 688உம் சேர்ந்தது. அதில் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையே கிடையாது; ஆகவே 320 மெகாஹெர்ட்ஸ் அகலமும் கிடையாது. ஏழு என்ற எண்ணைப் பார்த்து வாங்கினேனே தவிர, இதை நான் பார்க்கவில்லை.

மூன்று பட்டைகள்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தூரம் செல்லும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் அதில் மூன்றே உள்ளன: 1, 6, 11. அக்கம்பக்கத்து வீடுகள் அனைத்தும் அவற்றில்தான் நெருக்கியடிக்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே இடைஞ்சல் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அகலமானது, வேகமானது; ஆனால் செங்கற்சுவர் இரண்டைத் தாண்டினால் களைத்துவிடும். 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் விசாலமானது, இன்னும் நலிந்தது.

இந்த 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்கா 2020இல் 1,200 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. நம் நாட்டிலோ 2025 மே மாதம் வெளியான வரைவு விதிகள் 5,925 முதல் 6,425 வரையுள்ள 500 மெகாஹெர்ட்ஸையே குறித்தன. அவ்விடத்தில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதை ஒன்றுக்கு மேல் அமையாது. ஆதலால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ரூட்டர் வாங்கிவரச் செய்வது நல்லதன்று. இந்தியாவுக்கென ஒப்புதல் பெற்ற பெட்டியா, அதில் 6 கிகாஹெர்ட்ஸ் இங்கே இயங்குமா என்று கேட்டே வாங்க வேண்டும்.

படம் வேறு, விளையாட்டு வேறு

படத்துக்கு வேண்டியது அளவு. விளையாட்டுக்கு வேண்டியது நேரம். இவ்வேறுபாட்டை உணர்ந்தால் பாதி குழப்பம் தீரும்.

4கே தரப் படத்துக்கு வினாடிக்கு 15 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது; முழு எச்.டி.க்கு 5 போதும். படம் முன்கூட்டியே சிறிது இறங்கிச் சேமிப்பில் இருப்பதால், இடையில் ஒரு வினாடி தாமதம் நேர்ந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. விளையாட்டு அப்படியன்று. அது அனுப்பும் செய்திகள் மிகச் சிறியவை. ஆனால் ஒவ்வொன்றும் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். வினாடிக்கு 60 காட்சி என்றால் ஒரு காட்சிக்கு ஏறத்தாழ 17 மில்லி வினாடி. செய்தி 400 மில்லி வினாடி தாமதித்தால், 24 காட்சிகள் நம்மை விட்டு ஓடிவிடும்.

இத்தாமதத்தில் ஒரு பங்கு தூரத்தால் வருவது. கண்ணாடி இழையில் ஒளி மில்லி வினாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். டில்லியிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். போய்வர 11 அல்லது 12 மில்லி வினாடி. சிங்கப்பூர் என்றால் போய்வர 40க்கு மேல். விளையாட்டின் சர்வர் சிங்கப்பூரில் இருக்குமானால், எந்த விலை கொடுத்து வாங்கிய ரூட்டரும் அதைக் குறைக்க முடியாது. இயற்கை விதித்த வரம்பு அது.

குற்றவாளி அகப்பட்டான்

புதிய பெட்டியும் பயன்படாமற்போகவே, ஓரிரவு அளந்து பார்க்கத் துணிந்தேன். கணினிகளில் 'பிங்' என்றொரு கட்டளை உண்டு. ஒரு சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வர எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று அது காட்டும். முதலில் வீட்டு ரூட்டருக்கே அனுப்பினேன்: மூன்று, நான்கு என்றது. வெளியுலகுக்கு அனுப்பினேன்: இருபது. மதுரை நண்பரைப் படம் போடச் சொன்னேன். சிறிது துள்ளிற்று, அவ்வளவுதான். தம்பி வியந்தான். உணவு முடிந்து, வழக்கம்போல் என் போனை மின்னேற்றத்தில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சில நிமிடங்களில் எண் 400ஐத் தாண்டியது!

நாள்தோறும் நான் எடுக்கும் படங்களையும் வீடியோக்களையும் என் போன் மின்னேற்றம் தொடங்கியதும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியே செல்லும் வழி முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. தம்பியின் சிறு செய்திகள் அந்நெடிய வரிசையின் கடைசியில் நின்று தவித்தன. படமும் உறைவும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நாங்கள் எண்ணிவிட்டோம். தீர்ப்புச் சொன்ன நீதிபதியே குற்றவாளி! இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இவ்வரிசை நோய்க்கு மருந்து உண்டு. வரிசை நீளாமல் காக்கும் 'கோடெல்' என்னும் முறையைக் காத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டார்கள். அதன் வழிவந்த வரிசை மேலாண்மை அமைப்பு பல ரூட்டர்களில் இருக்கிறது. 40 மெகாபிட் இணைப்பில் எல்லையை 36 என்று வைத்தேன். பத்தில் ஒரு பங்கு வேகத்தைத் தியாகம் செய்தோம். தாமதம் முப்பதுக்குள் அடங்கிற்று. இந்த அமைப்பு எங்கள் பெட்டியில் முதல்நாளே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு விலையுள்ள பெட்டிகளிலும் இருக்கிறது. அதுதான் வருத்தம்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. அளந்து பாருங்கள். ரூட்டருக்கு அனுப்பும் பிங்கே தடுமாறினால் குறை வைஃபையில். அது சீராக இருந்து வெளியே தடுமாறினால் குறை இணைப்பில் அல்லது வரிசையில்.

2. பெட்டியை இடம் மாற்றுங்கள். இரும்பு அலமாரிக்குப் பின்னோ, குளிர்பெட்டியின் மேலோ வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

3. அசையாத கருவிக்குக் கம்பி போடுங்கள். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1,000 மெகாபிட்டைத் தாங்கும். சில நூறு ரூபாய்க் கேபிள் விளையாட்டுக் கணினிக்குச் செய்யும் நன்மையைப் பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டி செய்யாது.

4. தேவைக்கேற்ப வாங்குங்கள். 100 மெகாபிட் இணைப்பும் இரண்டு அறைகளும் உள்ள வீட்டுக்கு ஏ.எக்ஸ். 3000 வகை போதும். இணைப்பு 500க்கு மேலிருந்து, ஏழாம் தலைமுறைக் கருவிகளும் கையில் இருந்தால், மூன்று பட்டையும் 2,500 மெகாபிட் வாயிலும் உள்ள பெட்டியை நாடலாம்.

5. டபிள்யூ.பி.ஏ. 3 பாதுகாப்பும், எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் திருத்தம் தருவார்கள் என்ற உறுதியும் உண்டா என்று கேளுங்கள்.

இன்று எங்கள் வீட்டில் தம்பியின் கணினிக்குக் கேபிள் ஓடுகிறது. என் போன் விடியற்காலையில்தான் படங்களை அனுப்புகிறது. சென்ற வாரம் தம்பியும் மதுரை நண்பரும் சேர்ந்து ஒரு படம் பார்த்தார்கள். நான் பாத்திரம் கழுவினேன். அது எனக்கு அவர்கள் விதித்த தண்டனை. இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது. நண்பர்களே, முதலில் அளந்து பாருங்கள். பணப்பையைப் பிறகு திறக்கலாம்.